தாத்தா விட்ட புகைக்குப் பேரன் பணம் கட்ட வேண்டுமா?

என்னிடம் வந்த கேள்வி இது: "பருவநிலை மாநாடு நடக்கும்போதெல்லாம் வளரும் நாடுகள் பணம் கேட்டு நிற்கின்றன. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ நிலக்கரி எரித்ததற்கு இன்றைக்கு ஜெர்மனியில் வரி கட்டுகிறவர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? இப்போது அதிகம் புகை விடுவது சீனாவும் இந்தியாவும்தானே? கொடுத்தாலும் அது ஊழலில் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

நல்ல கேள்வி. கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல கேள்வி. ஆனால் இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன, கூடவே "பணக்கார நாடுகள் ஏற்கெனவே நிறையக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன" என்ற நம்பிக்கையும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதிகம் பேச வேண்டியிருப்பது அந்த நம்பிக்கையைப் பற்றித்தான். முதலில் தாத்தா விஷயத்தை முடித்துவிடுவோம்.

தாத்தா ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போகிறார், அதன் மேல் ஒரு அடமானமும் இருக்கிறது. பேரன் வீட்டை வைத்துக்கொள்கிறான், மாடியை வாடகைக்கு விட்டு அனுபவிக்கிறான், அடமானக்காரர் வந்தால் மட்டும் "அது நான் வாங்கின கடன் இல்லை" என்கிறான். எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் இது எடுபடாது. கரியமில வாயு ஒரு தடவை மேலே போனால் அதில் பெரும் பங்கு நூற்றாண்டுகளுக்கு அங்கேயே நிற்கும். அதனால் இன்றைக்கு இருக்கும் சூட்டுக்குக் காரணம் இந்த வருஷத்துப் புகை மட்டுமில்லை, சேர்ந்துபோன மொத்தம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து இதுவரை வந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்காவுடையது. உலக மக்கள்தொகையில் அவர்கள் 4 சதவீதம். இன்றைய ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பங்கு 17 சதவீதம் அளவில். மனிதர்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கு 3, 4 சதவீதத்துக்குள். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும் சேர்த்தாலும் 3 சதவீதம்தான் வரும்.

"தாத்தாவுக்குத் தெரியாதே" என்பது இதற்கு அடுத்து வரும் வாதம். 1850ல் நிலக்கரி எரித்தவருக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதர்கள் எரித்து வெளிவிட்ட மொத்தப் புகையில் பாதிக்கு மேல் 1990க்குப் பிறகு வந்தது. நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழு முன்னால் உட்கார்ந்து பூமி சூடேறுகிறது என்று சொன்னது 1988. ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தொடங்கப்பட்டதும் அதே வருஷம். ஆக, பாதிப் புகை தெரிந்தே விடப்பட்டது. இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 1990க்குப் பிந்தைய புகையில் சீனாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குக் கீழே வருகிறேன்.

இதெல்லாம் நியாய அநியாய வாதம். அதைவிட நேரான ஒரு விஷயம் இருக்கிறது: அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 1992ல் ரியோவில் கையெழுத்துக்கு வந்த ஐநா பருவநிலை உடன்படிக்கையில், பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு வேறு என்று எழுதியிருக்கிறது. பணக்கார நாடுகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பின்னிணைப்பாகப் போட்டு, அவை வளரும் நாடுகளுக்குப் "புதிய, கூடுதலான" நிதி தர வேண்டும் என்றும் இருக்கிறது. இந்தக் "கூடுதலான" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்கும் தடுப்பூசிக்கும் கொடுத்துக்கொண்டிருந்த உதவியை எடுத்து இந்தப் பக்கம் வைத்துவிட்டு, புதிதாகக் கொடுத்ததாகச் சொல்லக்கூடாது. அமெரிக்கா உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்ட வாசகம் இது.

ஒப்புக்கொண்டதற்கும் செய்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 1997ல், கியோட்டோ மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு, வளரும் நாடுகளுக்கும் அதே காலகட்டத்தில் கட்டாயக் குறைப்பு விதிக்காத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக்கூடாது என்று அமெரிக்க செனட் தீர்மானம் போட்டது. ஓட்டு 95க்கு 0. கட்சி வித்தியாசமே இல்லை. அப்புறம் 2015ல் பாரிஸ் பருவநிலை மாநாடு. அங்கே பருவநிலை மாற்றத்தால் வரும் இழப்பு, சேதம் பற்றிய 8ஆம் பிரிவை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சம்மதித்தார்கள். சேர்த்த கையோடு, மாநாட்டு முடிவின் 51ஆம் பத்தியில், இந்தப் பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று ஒரு வரியையும் வைத்தார்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சரி, இனி பணத்துக்கு வருவோம்.

2009ல் கோபன்ஹேகன் மாநாடு குலைந்துபோகும் நிலையில் இருந்தபோது, அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் வந்து ஓர் எண்ணைச் சொன்னார். 2020ஆம் ஆண்டுக்குள் வருஷத்துக்கு 100 பில்லியன் டாலர், அதாவது 10,000 கோடி டாலர். வளரும் நாடுகளுக்கு எவ்வளவு தேவை என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு வந்த எண் இல்லை இது. பேச்சுவார்த்தையைக் காப்பாற்ற வந்த எண். 2020ல் கொடுத்ததாகப் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி சொன்னது 83.3 பில்லியன். 2021ல் 89.6. கடைசியில் 2022ல் 115.9 பில்லியன் என்று அறிவித்தார்கள். இரண்டு வருஷம் தாமதம், ஆனாலும் தாண்டிவிட்டோம் என்று கைதட்டிக்கொண்டார்கள்.

இந்த 115.9 எப்படி வந்தது என்று பார்த்தால்தான் கதை புரியும். நம் ஊர்க் கல்யாணம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து மொய் எழுதும் மேசையில் ஒரு லட்சம் என்று சத்தமாகச் சொல்லி எழுத வைக்கிறார், மைக்கிலும் சொல்கிறார்கள். பிறகு கவரைப் பிரித்தால் உள்ளே பணம் இருக்கிறது. கூடவே, பத்து வருஷத்தில் வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டிய புரோநோட்டும் இருக்கிறது. (மொய்யே திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தானே என்று புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே வட்டி கிடையாது, அந்நியச் செலாவணி மதிப்பு மாறுவதும் கிடையாது.) 2022 கணக்கில் அரசுகளிடமிருந்தும் வளர்ச்சி வங்கிகளிடமிருந்தும் வந்த பணத்தில் 69 சதவீதம் கடன். மானியம், அதாவது திருப்பித் தர வேண்டாத பணம், 28 சதவீதம்தான். கடனில் கொஞ்சம் குறைந்த வட்டிக்கு வந்ததும் உண்டு, சந்தை வட்டிக்கு வந்ததும் உண்டு. எதுவானாலும் மொய் நோட்டில் முழுத்தொகையாகத்தான் எழுதப்படுகிறது. நாளைக்கு அசலும் வட்டியும் திரும்பி வரும்போது அதை யாரும் இந்த எண்ணிலிருந்து கழிப்பதில்லை. கடனில் உண்மையான சலுகை எவ்வளவோ அதை மட்டும் எடுத்து, பருவநிலைக்கு நேரடித் தொடர்பு இல்லாததைத் தள்ளிவிட்டு ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் கணக்குப் போட்டபோது, அதே 2022க்கு வந்தது 28லிருந்து 35 பில்லியன். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"பருவநிலைக்கு நேரடித் தொடர்பு இல்லாதது" என்பதற்கு ஒரு விளக்கம் தேவை. ஒரு திட்டம் பருவநிலைத் திட்டமா இல்லையா என்று குறிக்க ரியோ குறியீடு என்று ஒன்று உண்டு. 0 போட்டால் சம்பந்தமில்லை, 1 போட்டால் பருவநிலை ஒரு முக்கிய நோக்கம், 2 போட்டால் அதுதான் பிரதான நோக்கம். கொடுக்கிற நாடே போட்டுக்கொள்வது. நான் சில வருஷம் இந்த மாதிரித் திட்ட அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெழுதும் வேலையில் இருந்தேன். ஒருநாள் மேசைக்கு வந்தது ஒரு நெடுஞ்சாலைக் கடன். இருநூற்றுச் சொச்சம் பக்கம், முதல் பாதி முழுக்கச் சரக்கு லாரி, டோல், நிலம் எடுப்பு. 140ஆம் பக்கத்துக்கு மேல் ஒரே ஒரு பத்தியில், கனமழையைக் கருதிச் சாலையோர வடிகால் சற்று அகலமாக அமைக்கப்படும் என்று இருந்தது. அந்த வடிகாலுக்காகத் திட்டத்துக்கு 1 விழுந்தது. மொத்தக் கடனில் வடிகாலுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துத் தரும்படி குறிப்பெழுதி அனுப்பினேன். "அந்த அளவுக்கு நுணுக்கம் தேவையில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. 1 போட்ட திட்டத்தில் எத்தனை சதவீதத்தைக் கணக்கில் காட்டலாம் என்பதற்குக்கூட எல்லோருக்கும் பொதுவான விதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 40 சதவீதம் காட்டுகிறது, சிலர் முழுசாகக் காட்டுகிறார்கள்.

என் அனுபவத்தை விடுங்கள். 2023ல் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் இந்தக் கணக்குகளைத் தோண்டியபோது வெளியே வந்ததைப் பாருங்கள். ஆசிய நகரங்களில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள் திறக்க ஒரு நிறுவனத்துக்கு இத்தாலி செய்த உதவி பருவநிலை நிதி. ஹைட்டியில் கடற்கரை ஹோட்டலை விரிவாக்க அமெரிக்கா கொடுத்த கடன் பருவநிலை நிதி. அர்ஜென்டினா மழைக்காட்டில் நடக்கும் ஒரு காதல் படத்துக்கு பெல்ஜியம் கொடுத்த பணமும் பருவநிலை நிதி. எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கதேசத்தில் மாதர்பாரி என்ற இடத்தில் புது நிலக்கரி மின் நிலையம் கட்ட ஜப்பான் கொடுத்த கடனும் இதில்தான் வருகிறது. பழைய நிலையத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் புகை விடுமாம். விதிப்படி இதில் எதுவும் தவறில்லை, ஏனென்றால் விதியே இல்லை. சென்னை மெட்ரோவுக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கடன் தருகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். பல வளரும் நாடுகளில் இப்படி ரயில் திட்டங்களுக்குத் தரும் கடனையும் ஜப்பான் முகமதிப்பிலேயே பருவநிலை நிதியாகக் காட்டுகிறது. மெட்ரோ நல்ல விஷயம், நானும் தினம் அதில்தான் போகிறேன். ஆனால் அசலையும் வட்டியையும் கட்டப்போவது நாம் என்றால் அது யார் செய்த உதவி?

இப்போது இந்தக் கடன் விவகாரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு இடத்துக்குப் போவோம். பாகிஸ்தான், 2022. ஜூனில் தொடங்கிய மழை சிந்து, பலுசிஸ்தான் மாகாணங்களில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கொட்டியது. செப்டம்பரில் சிந்துவின் மஞ்சர் ஏரி நிரம்பி, கரை தானாக உடைந்தால் சேவன் நகரமே போய்விடும் என்ற நிலை. அதிகாரிகள் வேறு வழியில்லாமல் ஒரு பக்கக் கரையைத் தாங்களே வெட்டிவிட்டார்கள். நகரத்தைக் காப்பாற்ற எந்தக் கிராமங்களை மூழ்கடிப்பது என்று வரைபடத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு வெட்டு போதாமல் மேலும் வெட்டினார்கள். தண்ணீர் வடிய மாதக்கணக்கானது, அதனால் அடுத்த போகம் கோதுமை விதைப்பதும் பல இடங்களில் தள்ளிப்போனது. நாடு முழுக்க 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் பொருளாதார இழப்பும் சேர்த்து சுமார் 3,000 கோடி டாலர். சிந்து, பலுசிஸ்தானில் மழை உச்சத்தில் இருந்த ஐந்து நாளில், பூமி சூடேறாத காலத்தைவிட 50 சதவீதம் வரை அதிகமாகக் கொட்டியிருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். உலகப் புகையில் பாகிஸ்தானின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

2023 ஜனவரியில் உதவும் நாடுகளும் வங்கிகளும் ஜெனீவாவில் கூடி 900 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி கொடுத்தார்கள். தலைப்புச் செய்தி ஆனது. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் கடன் என்று பிறகு அந்த நாட்டு நிதி அமைச்சர் இஷாக் தாரே சொன்னார். ஏற்கெனவே பன்னாட்டு நாணய நிதியத்தின் வாசலில் கடனுக்காக நின்றுகொண்டிருந்த நாடு அது. வெள்ளம் வந்து வீடு போனவனிடம் வீடு கட்டக் கடன் கொடுத்துவிட்டு அதை நிவாரணம் என்று எழுதிக்கொள்வதற்கு என்ன பெயர்?

இதே கதையை நமக்கு ரொம்பப் பக்கத்திலும் பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் போட்டுப் புரட்டியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளில் மண் சரிந்தது. மலையகத் தோட்டத் தமிழர்களின் லயன் வீடுகள் இருந்த சரிவுகளும் அதில் அடக்கம். 2022ல் கடன் கட்ட முடியாமல் கைவிரித்து, அந்தக் கடனை மறுசீரமைத்து முடிப்பதற்குள் அடுத்த அடி. டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 20 கோடி டாலர் அவசர நிதி கொடுத்தது. அதுவும் கடன்தான்.

எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் 2022ல் இழப்பு, சேத நிதி ஒன்றை உருவாக்க ஒப்புக்கொண்டார்களே, அது என்ன ஆனது என்று கேட்பீர்கள். தீவு நாடுகள் முப்பது வருஷம் கேட்டு வாங்கியது அது. கடல் ஏறி நிலம் போகும் நாடுகளுக்கு ஒரு காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்வைத்தது 1991ல். 2023 நவம்பரில் துபாய் மாநாட்டின் முதல் நாளே நிதி செயலுக்கு வந்தது. அமீரகம் 10 கோடி டாலர், ஜெர்மனி 10 கோடி, அமெரிக்கா 1.75 கோடி. கடைசி எண்ணைத் தவறாக அடித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், ஒன்றே முக்கால் கோடிதான். எல்லோருடைய வாக்குறுதியும் சேர்ந்து சுமார் 70 கோடி டாலர் வந்தது. பாகிஸ்தானின் அந்த ஒரு வெள்ளத்தில் போனதை வைத்துப் பார்த்தால் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வராது. அந்த நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தும் 2025 மார்ச்சில் அமெரிக்கா விலகிக்கொண்டது.

"அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்" என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த மூன்றே நாளில் ஜெர்மனி தன் ராணுவத்துக்கு 100 பில்லியன் யூரோ சிறப்பு நிதி அறிவித்தது. சரியா தப்பா என்பது வேறு பேச்சு. ஒரு நாடு மூன்று நாளில் எடுத்த முடிவின் அளவும், எல்லாப் பணக்கார நாடுகளும் பதிமூன்று வருஷம் இழுத்தடித்த வருடாந்தர எண்ணும் ஏறக்குறைய ஒன்று.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை, எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது: வட்டி. நிலக்கரி மின் நிலையத்தில் கட்டுமானச் செலவு ஒரு பங்கு என்றால், காலமெல்லாம் நிலக்கரி வாங்கும் செலவு பெரும் பங்கு. சூரிய மின்சாரத்தில் வெயில் இலவசம், ஆனால் கிட்டத்தட்ட முழுப் பணத்தையும் முதல் நாளே போட வேண்டும். அப்படியென்றால் கடன் வாங்கித்தான் போட வேண்டும், வட்டிதான் யூனிட் விலையைத் தீர்மானிக்கும். 100 கோடி ரூபாய் திட்டம், 20 வருஷக் கடன் என்று வையுங்கள். 4 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 7.4 கோடி கட்டினால் போதும், மொத்தம் 147 கோடி. அதே கடன் 12 சதவீதத்தில் வருஷத்துக்கு 13.4 கோடி, மொத்தம் 268 கோடி. வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வளரும் நாடுகளில் பெரிய சூரிய மின் திட்டங்களுக்கான மூலதனச் செலவு பணக்கார நாடுகளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை சொல்கிறது. ஆப்பிரிக்காவில் வெயிலுக்குக் குறைவில்லை, ஜெர்மனியில் வருஷத்தில் பாதி நாள் வானம் மூடிக்கிடக்கும், ஆனால் எங்கே அதிகம் தகடு மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இந்த வட்டிச் சிக்கலைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்பட்ட ஏற்பாடு ஒன்று, 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் தென்னாப்பிரிக்காவுக்குப் பணக்கார நாடுகள் அறிவித்த 850 கோடி டாலர் ஒப்பந்தம். நிலக்கரியிலிருந்து வெளியே வர உதவி, தொழிலாளிகளைக் கைவிடாமல் செய்வோம் என்றார்கள். பிரித்துப் பார்த்தால் மானியம் 4 சதவீதம் அளவுதான், மிச்சத்தில் பெரும்பகுதி கடனும் உத்தரவாதமும். 2022 அக்டோபரில் கோமாட்டி நிலக்கரி நிலையத்தின் கடைசி அலகை நிறுத்தினார்கள். நிலையத்தை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளிகளும் சுற்றியிருந்த கடைகளும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், மாற்று வேலை வருவதற்கு முன்பே பழைய வேலை போய்விட்டது. அதன் பிறகு அந்த நாட்டில் மற்ற நிலையங்களை மூடுவது பற்றி யாராவது வாயைத் திறந்தால் "கோமாட்டியைப் பார்" என்கிறார்கள். அமெரிக்கா 2025ல் அந்த ஒப்பந்தத்திலிருந்தும் போய்விட்டது.

இப்போது சீனா. இங்கே உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1992 பட்டியல் இன்னும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதன்படி சீனா, சவூதி அரேபியா, கத்தார், சிங்கப்பூர், தென் கொரியா எல்லாம் "வளரும் நாடுகள்". சிங்கப்பூர்க்காரரிடம் போய் நீங்கள் வளரும் நாடு என்றால் சிரிப்பார். இன்று ஒரு வருஷத்து உலகப் புகையில் சீனா மட்டும் 30 சதவீதத்துக்கு மேல். ஒரு சீனரின் சராசரிப் புகை ஒரு ஐரோப்பியருடையதைத் தாண்டிவிட்டது. சீனா பணம் தரவேண்டுமா? என் கருத்தில், தரவேண்டும். 2016லிருந்து 17,700 கோடி யுவான், கிட்டத்தட்ட 2,450 கோடி டாலர், கொடுத்திருப்பதாக 2024ல் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் நடந்த பருவநிலை மாநாட்டில் சீனத் துணைப் பிரதமர் சொன்னார். ஆனால் அது விருப்பக் கொடை, கடமை இல்லை என்று கவனமாகச் சொல்கிறார்கள், கணக்கையும் மற்றவர் சரிபார்க்கும்படி வைப்பதில்லை. வளைகுடா நாடுகளும் அப்படித்தான். இதெல்லாம் மாற வேண்டும். ஆனால் இதைக் காட்டி "சீனா தராதவரை நாங்களும் தரமாட்டோம்" என்று சொல்ல முடியாது. இரண்டு கடன்காரர்கள் இருக்கும்போது, அவன் கட்டவில்லை என்பது எனக்குத் தள்ளுபடி ஆகாது.

இந்தியா வேறு கதை. ஒரு இந்தியரின் சராசரிக் கரியமில வாயு வருஷத்துக்குச் சுமார் 2 டன். அமெரிக்கருக்கு 14 டன், உலகச் சராசரி 4.7. மொத்த எண்ணைப் பார்த்து இந்தியா மூன்றாவது இடம் என்று சொல்வது, நாற்பது பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்தின் அரிசிச் செலவையும் இரண்டு பேர் இருக்கும் வீட்டின் அரிசிச் செலவையும் ஒப்பிடுவது மாதிரி. இதைச் சொல்லிவிட்டு நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2 டன் என்ற சராசரிக்குப் பின்னால் இரண்டு கார், நான்கு ஏசி வைத்திருக்கும் வீடுகளும் ஒளிந்துகொள்கின்றன. விறகடுப்பு ஊதும் பெண்ணின் கணக்கைக் காட்டி நகரத்துப் பணக்காரரின் கணக்கை மறைக்கிறோம். அதே போல மானியப் பணம் வரும் வரிசையில் இந்தியா முன்னால் போய் நிற்கக் கூடாது என்பதும் என் கருத்து. நம் பருவநிலைச் செலவில் பெரும்பகுதியை நாமே பார்த்துக்கொள்கிறோம், நமக்கு வேண்டியது குறைந்த வட்டியும் தொழில்நுட்பமும். மானியம் முதலில் போக வேண்டியது கரீபியத் தீவு நாடான டொமினிக்கா போன்ற இடங்களுக்கு. 2017ல் மரியா சூறாவளி ஒரே இரவில் அந்த நாட்டின் ஒரு வருஷ மொத்த உற்பத்தியைப் போல 226 சதவீதம் மதிப்புள்ள சேதத்தைச் செய்துவிட்டுப் போனது. அதற்கு எந்தச் சேமிப்பு தாங்கும்?

ஊழல் கேள்விக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஊழல் இருக்கிறது, நடக்கும். தணிக்கை வையுங்கள், தவணை தவணையாகக் கொடுங்கள், வேலை முடிந்ததைப் பார்த்துக் கொடுங்கள். தென் கொரியாவின் சோங்டோவில் தலைமையகம் வைத்து, வளரும் நாடுகளின் பருவநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பசுமைப் பருவநிலை நிதியம் அதைத்தான் செய்கிறது. ஒரு விண்ணப்பம் ஏற்கப்பட்டு முதல் பணம் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன என்பதுதான் சின்ன நாடுகளின் புகார். சுற்றுச்சூழல் துறையில் நாலைந்து பேர் மட்டும் வேலை செய்யும் தீவு நாடு, பல நூறு பக்க விண்ணப்பத்தை எழுத வெளிநாட்டு ஆலோசகருக்குப் பணம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், ஐஸ்கிரீம் கடையைப் பருவநிலை நிதியாக எழுதுகிறவர்கள் வாங்குகிறவரின் நேர்மையைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

2024 நவம்பரில் பாகுவில் புது எண் வந்தது: 2035க்குள் வருஷத்துக்கு 300 பில்லியன் டாலர், பணக்கார நாடுகள் "முன்னின்று" திரட்ட வேண்டும். வளரும் நாடுகள் கேட்டது 1.3 டிரில்லியன். அந்த எண்ணும் அறிக்கையில் இருக்கிறது, ஆனால் தனியார், அரசு என்று எல்லா வழியிலும் எல்லோரும் முயல வேண்டிய இலக்காக. தலைவர் சுத்தியலைத் தட்டி முடிவை நிறைவேற்றிய பிறகு இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து, இது வெறும் கண்கட்டு வித்தை என்று சொன்னார், அரங்கில் கைதட்டல் எழுந்தது. 300 பில்லியனில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. மொய் நோட்டு பெரிதாகியிருக்கிறது, எழுதும் முறை அப்படியே. இரண்டே மாதத்தில், 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் உத்தரவில் கையெழுத்திட்டார். பசுமை நிதியத்துக்குத் தருவதாகச் சொல்லித் தராமல் இருந்த 400 கோடி டாலரும் ரத்து. பிரிட்டனும் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைக்கிறது, அந்தப் பணம் ராணுவத்துக்குப் போகிறது.

எதிர்ப்பக்கம் நகர்ந்த ஒன்றும் இருக்கிறது. 2019ல் வனுவாட்டுத் தலைநகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், வகுப்பில் வந்த ஒரு பேச்சிலிருந்து, இதைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று தொடங்கினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது, 2023ல் ஐநா பொதுச்சபை ஏகமனதாகக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது, 2025 ஜூலை 23 அன்று ஹேக்கில் கருத்து வந்தது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறினால் அது பன்னாட்டுச் சட்டத்தின்படி தவறான செயல், சேதத்துக்கும் அதற்கும் தொடர்பு காட்ட முடிந்தால் முழு இழப்பீடு வரை போகலாம். ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நாளைக்கே பணம் கட்ட வைக்காது. ஆனால் பாரிஸில் 51ஆம் பத்தி போட்டு மூடிய கதவை வேறு பக்கத்திலிருந்து திறந்திருக்கிறார்கள்.

எது உண்மையில் வேலை செய்கிறது என்று கேட்டால், பெரிய எண்களைவிடச் சின்ன ஏற்பாடுகள் சிலவற்றைத்தான் காட்டுவேன். 2024 ஜூலை முதல் தேதி பெரில் சூறாவளி, கரீபியத் தீவு நாடான கிரெனடாவின் கரியாகூ தீவைத் தரைமட்டமாக்கியது. அந்த நாடு தன் கடன் பத்திரத்தில் முன்பே ஒரு நிபந்தனை எழுதி வைத்திருந்தது: சூறாவளி அடித்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம், தவறியதாகக் கணக்கில்லை. அதைப் பயன்படுத்தினார்கள். அந்தத் தவணைப் பணம் மீட்பு வேலைக்குக் கைகொடுத்தது. பார்படோஸ் பிரதமர் மியா மோட்லி இதை எல்லாக் கடன் பத்திரத்திலும் எழுதச் சொல்லி வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் பெரிய செலவில்லாத விஷயம், அதற்கே இவ்வளவு இழுபறி.

இன்னொன்று இலங்கையின் வறண்ட பகுதியில். பசுமை நிதியம் 2016ல் ஒப்புக்கொண்ட, சுமார் 3.8 கோடி டாலர் திட்டம். வவுனியா, மன்னார், அனுராதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களில் மூன்று ஆற்றுப் படுகைகளில், மேலிருந்து கீழாக ஒன்றுக்கொன்று தண்ணீர் கொடுத்துப் போகும் பழைய குளத் தொடர்களைத் தூர்வாரி, கரை கட்டி, மதகு மாற்றும் வேலை. மேல் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். ஒரு குளத்தை மட்டும் சரிசெய்து பிரயோஜனமில்லை, தொடர் முழுக்கச் செய்ய வேண்டும். அது மானியம். அந்தக் குளத்துத் தண்ணீரில் நெல் போடுகிறவர் யாருக்கும் வட்டி கட்ட வேண்டியதில்லை.